ஸ்மார்ட் பேட்ச் பேனல் தானாகக் கேபிளைக் கண்டுபிடிக்காது
அண்ணா, ‘ஸ்மார்ட் பேட்ச் பேனலைப் பொருத்தினால் போதும், ஆலையின் எல்லாக் கேபிள்களையும் மென்பொருள் தானே கண்டறியும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. ஸ்மார்ட் பேட்ச் பேனல் என்பது நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும், உணரிகள் கொண்ட இணைப்புப் பலகை. எந்தப் போர்ட்டில் (செருகுதுளையில்) பேட்ச் கேபிள் என்ற சிறு இணைப்புக் கேபிள் செருகப்பட்டது, எதிலிருந்து பிடுங்கப்பட்டது என்பதைத்தான் பேனல் உணரும். பேனலின் பின்பக்கக் கேபிள் எடைமேடைக்குப் போகிறதா, கிராணி அறைக்கா என்பதை முதலில் மனிதர்தான் பதிய வேண்டும். எந்தக் கணினி இணைந்திருக்கிறது என்பதையோ, மென்பொருள் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் தகவல் கேட்கும் நெறிமுறை) வழியாக, கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்சிடம் கேட்டுத்தான் அறிகிறது. இத்தகைய அமைப்புகளுக்காக 2016-இல் வெளியான ஐஎஸ்ஓ/ஐஇசி 18598 என்ற பன்னாட்டுத் தரநிலை, பிற மென்பொருள்களுடன் தகவல் பரிமாறும் முறையையும் வகுத்திருக்கிறது. கைப்பதிவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை.

நம் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலைகளில் கேபிள்களின் மறுமுனை முடியும் சுவர்ப் பெட்டிகளின் எண்கள் எண்ணெய்ப் பிசுக்கில் அழிந்து கிடக்கின்றன. தயவுசெய்து அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிய பிறகே பேனல் வாங்குங்கள். தவறான பட்டியலை ஏற்றினால், மென்பொருள் அதே தவற்றைத்தான் காட்டும்.