எந்தக் கர்ணன்?

கர்ணனுக்கும் காந்திக்கும் எம்.பி.டி.ஐ. என்ற நான்கெழுத்து ஆளுமை வகையை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை பெங்களூரு அல்சூர் வீட்டில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எந்தக் கர்ணன்டா? கவசத்தை அறுத்துக் கொடுத்தவனா, சபையில பாஞ்சாலியைக் கேவலமா பேசினவனா?" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதியதை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய 16 வகைகள் இவை. வகையைக் கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கு அவரவர்தான் பதில் சொல்ல வேண்டும். கர்ணனுக்காகப் பதில் சொன்னது யார்? ரசிகர்கள்தானே!

எங்கள் அலுவலகத்திலும் இந்தக் கூத்து நடந்தது. அடையாள அட்டையில் நான்கெழுத்து ஸ்டிக்கர் வேறு. முதல் தடவை ஞாயிற்றுக்கிழமை, காப்பியோடு தனியாக உட்கார்ந்து பதில் சொன்னேன். முதல் எழுத்து தனிமை விரும்பி, அதாவது 'ஐ' என்று வந்தது. ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டார்கள். அன்று சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் பஸ் நகரவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரரோடு அரட்டை அடித்துக்கொண்டே போனில் தட்டினேன். 'ஐ' போய், கலகலப்பாகப் பழகுகிறவன் என்று 'இ' ஆகிவிட்டது. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓரிரு மதிப்பெண்தான், ஆனால் எழுத்து மாறிவிடுகிறது. சரி, ஸ்டிக்கரை மாற்றவா என்று மேனேஜரிடம் கேட்டால், ஸ்டாக் இல்லையாம்.

பொருத்திப் பார்க்கும் விளையாட்டு எனக்கும் பிடிக்கும், அதை மறைப்பானேன். அடுத்த பட்டியலில் சகுனியையும் சேருங்கள். அம்மா ஏதோ கேள்வியோடு காத்திருக்கிறார்.