லீவு கேட்டால் கடன் கேட்ட மாதிரி முழிக்கிறார்கள்

லீவு வேண்டும் என்று போய் நின்றால் மேனேஜர் கேட்கும் முதல் கேள்வி, "என்ன விசேஷம்?" ஒரு விசேஷமும் இல்லை சார். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கணும். பிள்ளைகளைக் குற்றாலம் கூட்டிப் போகணும். இதைச் சொன்னால் ஒரு சிரிப்பு சிரிக்கிறார் பாருங்கள், பற்றிக்கொண்டு வருகிறது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி இருந்தால்தான் லீவாம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தால் அடுத்த வருடம் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை. உடம்புக்கு முடியவில்லை என்றால் 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், அதெல்லாம் தனிக்கணக்கு. தற்செயல் விடுப்புக்குத்தான் நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். முதலில் சொன்ன 12 நாள் உழைத்துச் சேர்த்தது, யாரும் போட்ட பிச்சை இல்லை. எந்தத் தேதியில் எடுப்பது என்று வேண்டுமானால் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

பேசினால்தானே! ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால் திறக்கிறது. பொங்கல் நேரத்தில் நெல்லை, பொதிகை, பாண்டியன் எதுவானாலும் காலை 8 மணிக்குத் திறந்த சில நிமிடத்திலேயே வெயிட்டிங் லிஸ்ட். நம்ம ஆளோ "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்துவிட்டு, கிளம்பப் போகிற வாரத்தில் "சரி, போயிட்டு வாங்க" என்பார். அப்புறம் தட்கல்தான். ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. சொல்லிவைத்தாற்போல் அப்போதுதான் டீம் மீட்டிங்கும். அடித்துப் பிடித்து டிக்கெட் போட்ட பிறகு "ஒரு நாள் தள்ளிப் போக முடியுமா?" என்று ஒரு கேள்வி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பைசா திரும்பாது. அந்தத் தண்டத்தை ஆபீஸா கட்டும்? தட்கலும் கிடைக்காவிட்டால் ஆம்னி பஸ். பண்டிகைக் காலத்தில் அதன் கட்டணம் என்ன லட்சணம் என்று உங்களுக்கே தெரியும்.

எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தாலும் விடுகிறார்களா? "லேப்டாப்பை மட்டும் கையில வச்சுக்கோங்க." அருவிக்கரையில் துண்டோடு நிற்பவனுக்கு போன் போட்டு, அந்த எக்செல் ஃபைல் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்கள். பிரான்சில் 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேசியே ஆகவேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருக்கிறது. இங்கே மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே 2018இல் மக்களவையில் அதற்கொரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

இதற்கெல்லாம் மேலே டிசம்பர் கூத்து ஒன்று உண்டு. "மீதமுள்ள லீவை இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் காலாவதியாகிவிடும்" என்று எச்ஆரிலிருந்து மெயில் வரும். அதே வாரம், "வருடக் கடைசி, யாரும் லீவு கேட்க வேண்டாம்" என்று மேனேஜரிடமிருந்து இன்னொரு மெயில். ஒரே மாடியில், பக்கத்துப் பக்கத்து அறையில்தான் ரெண்டு பேரும் இருக்கிறீர்கள். எழுந்து போய் உங்களுக்குள் முதலில் பேசித் தொலையுங்கள்.