வாட்ச் காட்டுவதெல்லாம் தூரமா?

நேற்று மாரத்தான் முடிந்து பதக்கம் கழுத்தில் இருக்கும்போதே வாட்ஸ்அப் குழுவில் புகார் வந்துவிட்டது. “மாரத்தான்னா 42.195 கிலோமீட்டர். என் வாட்ச் 42.7 காட்டுது. அரை கிலோமீட்டர் கூடுதலா ஓட வெச்சு என் டைமிங்கைக் கெடுத்துட்டாங்க.” அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசை.

நானும் ஒரு காலத்தில் இப்படிப் புலம்பியவன்தான். ஒருமுறை பாதை அளப்பவருக்கு ஒத்தாசையாகப் போனேன். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

விடிவதற்கு முன் எஃகு டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். டேப்பால் அளந்தது 300 மீட்டருக்குக் குறையாத நேர்க்கோடு. அதில் அவர் நான்கு தடவை சைக்கிள் ஓட்டினார். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுண்டர், சக்கரம் சுற்றுவதை எண்ணும் கருவி. ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று இந்தக் கோட்டை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் இருபதுக்கு மேல் எண்ணும், ஓர் எண்ணுக்கு அரைச் சாண்கூட வராது. பாதையை அளந்து முடித்ததும் அதே கோட்டில் மறுபடி நான்கு தடவை. வெயில் ஏற ஏற டயரில் காற்று விரிந்து எண்ணிக்கை மாறுமே, அதற்காக.

அளப்பதும் நாம் ஓடுகிற கோட்டை அல்ல, ஓடக்கூடிய ஆகக் குறுகிய வழியை. வளைவில் விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி. அதற்கு மேல் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள்; மாரத்தானுக்கு 42 மீட்டர். அளவில் பிசகு வந்தாலும் பாதை குறைந்துவிடக் கூடாது.

குறைந்தால்? 1981 நியூயார்க்கில் ஆல்பர்ட்டோ சலசாரின் 2:08:13 உலக சாதனை என்று கொண்டாடப்பட்டது. பின்னாளில் அளந்தால் சுமார் 148 மீட்டர் குறை. சாதனை போயிற்று. ஓடியவர் செய்த தப்பு என்ன? மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று வருடமும் 380 மீட்டர் குறைவு. ஏறக்குறைய 24,000 பேரின் நேரம் செல்லாக்காசு.

பாஸ்டன் மாரத்தான் விஷயத்தில் மட்டும் எனக்கு மனம் ஆறவில்லை. 2011-ல் ஜெஃப்ரி முட்டாய் 2:03:02 ஓடினார், அன்றைய உலக சாதனையைவிட 57 வினாடி குறைவு. தூரத்தில் குறையே இல்லை, ஆனாலும் உலக சாதனையாக ஏற்கவில்லை. சாதனை என்றால் தொடக்கமும் முடிவும் ஓட்டத் தூரத்தில் பாதிக்கு மேல் விலகியிருக்கக் கூடாது, இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டரைத் தாண்டக் கூடாது. பாஸ்டன் இரண்டையும் தாண்டுகிறது. அன்று பின்காற்று வேறு. விதி சரிதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஓடியது அந்தக் கால்கள்தானே!

புகார் சொன்னவரிடம் வாட்சில் பதிவான வரைபடத்தைக் கேட்டேன். அனுப்பினார். வளைவுக்கு வளைவு வெளிப்பக்கம். தண்ணீர் மேசைக்காக மூன்று தடவை சாலையைக் குறுக்கே கடந்திருக்கிறார். ஓரிடத்தில் கோடு ஒரு கட்டடத்துக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே வருகிறது.

“சுவர் ஏறிக் குதிச்சீங்களா அண்ணா?” என்று கேட்டிருக்கிறேன். நீல டிக் விழுந்துவிட்டது, பதிலைக் காணோம்.