காலியாகக் கிடக்கும் உவர்த் தரையும் காடுதான்

முத்துப்பேட்டைப் பக்கம் மனை போட்டு விற்க நினைக்கிறவர்கள் யாரும் அலையாத்தி (மாங்குரோவ்) காட்டுக்குள் கோடாலியோடு போக வேண்டியதில்லை. காட்டை ஒட்டிய உவர்த் தரையில் நாலு லோடு மண் அடித்தால் போதும். ஓதத் தண்ணீர், அதாவது கடல் ஏற்றத்தில் உள்ளே வரும் தண்ணீர், ஏறி இறங்கும் சின்ன வாய்க்கால் தூர்ந்துவிடும். அதற்குப் பிறகு மரம் தானாகச் சாகும்.

பிச்சாவரத்தில் இதைப் பார்த்தாயிற்று. வெள்ளைக்காரன் காலத்தில் பகுதி பகுதியாக மரத்தை வெட்டினார்கள். வெட்டிய இடம் தாழ்ந்துபோனது. ஏறிய கடல்நீர் இறங்க வழியில்லாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து உப்பேறி, அங்கே கன்று பிழைக்கவே இல்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தை உள்ளே விட்ட பிறகுதான் பச்சை திரும்பியது. இந்த மரத்துக்குத் தண்ணீர் நின்றால் ஆகாது, போய் வர வேண்டும். சேற்றிலிருந்து பென்சில் மாதிரி நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை மூழ்க ஒரு சாண் மண் கொட்டினாலே மரத்துக்கு மூச்சு முட்டிவிடும்.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். சரி, இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, 1000 சதுர மீட்டருக்கு மேல் அலையாத்தி இருந்தால் அதை ஒட்டி 50 மீட்டர் விட வேண்டும். ஆனால் தனியார் நிலத்து அலையாத்திக்கு அந்த இடைவெளி தேவையில்லை என்று 2019 அறிவிக்கை சொல்லிவிட்டது. எனக்கு ஆத்திரமே இதில்தான். பட்டா எது, புறம்போக்கு எது என்று பார்த்தா ஓதம் ஏறுகிறது?

கஜாவில் முறிந்த காடுதானே, இனி என்ன இருக்கிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். 2018 நவம்பரில் அந்தப் புயல் மரங்களை முறித்துப் போட்டது உண்மைதான். தண்ணீர் வந்து போகும் வழி இருந்தால் மரம் மறுபடி வரும். அதன் மேல் வீடு கட்டிவிட்டால் எங்கே வரும்?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி விவசாயிகளும் இதைக் கையில் எடுக்க வேண்டும். பாமணியாறும் கோரையாறும் உங்கள் வயல் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தக் காட்டை ஒட்டிய முத்துப்பேட்டைக் கடற்கழியில்தான். கார்த்திகை மழையில் சம்பா மூழ்கினால் மேலே மட்டும் தூர்வாரச் சொல்லிப் பயனில்லை, கீழே வடிவதற்கு இடம் இருக்க வேண்டும். கிராம சபையில் முதலில் கேட்க வேண்டியது, ஓத வாய்க்கால்களை அளந்து கல் நடச் சொல்லித்தான்.

மனை வாங்க நினைப்பவர்களுக்கும் ஒன்று: கடலோர மண்டல வரைபடத்தில் உங்கள் சர்வே எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், தரகர் கோடையில் காட்டிய இடத்தை ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் உயரும் ஒரு பௌர்ணமி அன்று நீங்களே போய்ப் பாருங்கள்.