ஆஸ்கருக்கு அப்புறம் கிலியன் மர்ஃபி

அயர்லாந்து நடிகர் கிலியன் மர்ஃபி ஆஸ்கர் வாங்கியதிலிருந்து ஒரு புலம்பல் அடிக்கடி கண்ணில் படுகிறது. இவ்வளவு பெரிய பெயர் கிடைத்த பிறகும் இந்த மனுஷன் ஏன் சின்னச் சின்னப் படங்களாகத் தேடிப் போகிறார் என்று. புதிதாக எடுக்கும் ஹாரி பாட்டர் தொலைக்காட்சித் தொடரில் வில்லன் வோல்டமார்ட் அவர்தான் என்று இணையமே பேசியது. அவரோ அப்படி எதுவும் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். எனக்கென்னவோ அவர் போகிற பாதை ரொம்பச் சரியாகவே படுகிறது.

அணுகுண்டு விஞ்ஞானியாக நடித்த, கிறிஸ்டோபர் நோலனின் ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்காக 2024 மார்ச்சில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அயர்லாந்தில் பிறந்த ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுதான் முதல் முறை. அதற்குச் சில வாரம் முன்னால்தான் பெர்லின் திரைப்பட விழா அவருடைய ‘ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்’ படத்தோடு தொடங்கியிருந்தது. பார்க்காதவர்கள் தயவுசெய்து பார்த்துவிடுங்கள். 1985, கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், அயர்லாந்தில் நியூ ராஸ் என்ற சிற்றூர். நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங்குக்கு ஐந்து பெண் பிள்ளைகள். கன்னியாஸ்திரி மடத்துக்குக் கரி இறக்கப் போன இடத்தில், கரிக் கொட்டகைக்குள் ஒரு பெண் அடைபட்டுக் கிடப்பதைப் பார்த்துவிடுகிறார். அந்த மடம் நடத்துவது ஒரு மக்தலேன் சலவைக் கூடம். கல்யாணமாகாமல் கருவுற்ற பெண்களை அடைத்து வைத்து, கூலியே கொடுக்காமல் வேலை வாங்கிய இந்தக் கூடங்களில் அயர்லாந்தில் கடைசியானது மூடப்பட்டது 1996இல். அரசு மன்னிப்புக் கேட்க 2013 ஆகிவிட்டது.

படத்தில் ஃபர்லாங் வேலை முடிந்து வந்ததும் கரி படிந்த கையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். நாளாக ஆக, அந்தக் கையைப் பார்த்தே அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. மடத்துத் தலைவியாக வரும் எமிலி வாட்சன் அவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கிறிஸ்துமஸ் பணம் என்று ஒரு உறையை நீட்டும் காட்சி இருக்கிறதே, அதில் மர்ஃபி பேசுவது மிகக் குறைவு. வாங்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் ஒரு ஆள் கூசிப்போவதை அவர் முகம் முழுக்கச் சொல்லிவிடுகிறது.

இந்தப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் அவர் எப்படித் தேர்வு செய்கிறார் என்பது புரியும். திரைக்கதை எண்டா வால்ஷ். 1996இல் கார்க் நகரில் மர்ஃபி தொழில்முறை நடிகராக முதன்முதலாக மேடையேறிய ‘டிஸ்கோ பிக்ஸ்’ நாடகத்தை எழுதியவர் அவர்தான். அதில் ஜோடியாக நடித்த ஐலீன் வால்ஷ் இதில் மனைவியாக வருகிறார். இயக்குநர் டிம் மீலான்ட்ஸ், மர்ஃபி நாயகனாக நடித்த ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் சீசனை இயக்கியவர். நோலனோடும் அப்படித்தான். பேட்மேன் வேடத்துக்குப் போய் நின்று வில்லன் வேடம் வாங்கி வந்தார். அதிலிருந்து ஆறு படங்கள். ‘டன்கர்க்’கில் அவர் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது. அதையெல்லாம் செய்தவருக்குத்தான் ஓப்பன்ஹைமர் வந்தது. அந்தப் படப்பிடிப்பில் கூட நடித்த மேட் டேமனிடம் பேசித்தான் நியூ ராஸ் கதைக்குப் பணமும் புரட்டினார். பெரிய படம், சின்னப் படம் என்று நாம்தான் பிரிக்கிறோம்.

ஆஸ்கருக்கு அப்புறம் எடுத்த ‘ஸ்டீவ்’ படமும் மீலான்ட்ஸோடுதான். எங்கேயும் சேர்க்காத பையன்களுக்கான பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர் வேடம். சரி, ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ நாயகன் டாமி ஷெல்பியை மறுபடி ஒரு படத்துக்காகக் கையில் எடுத்தது? அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆறு சீசனில் சொல்ல வேண்டியதைச் சொல்லி நல்ல இடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. ஓப்பன்ஹைமர், ஃபர்லாங், ஸ்டீவ், ஷெல்பி எல்லோருமே நெஞ்சில் பாரத்தைச் சுமந்து திரிகிற ஆண்கள். 2005இல் நீல் ஜோர்டனின் ‘பிரேக்ஃபஸ்ட் ஆன் புளூட்டோ’வில் கிட்டன் என்ற திருநங்கையாக வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அயர்லாந்தின் எல்லைப்புற ஊரிலிருந்து லண்டனுக்கு அம்மாவைத் தேடிப் போவாள். எவ்வளவு அடி விழுந்தாலும் வாய் ஓயாமல் பேசிச் சிரித்து எதிரில் இருப்பவரைக் கரைத்துவிடுவாள். அந்தக் குறும்பும் துள்ளலும் அவருக்குள் இன்னமும் இருக்கும். பழைய கூட்டாளிகளில் யாராவது ஒருவர் அப்படி ஒரு கதையோடு அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.