3.5 வினாடிக்குப் பிறகும் சாலை இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை இங்கே வேகமான கார்களின் பட்டியல் ஒன்று பகிரப்பட்டதையும், அதன் கீழே நான் எழுதியதையும், கார் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் வேலைக்காரனான நான் இங்கே வகுப்பெடுக்க வேண்டாம் என்று எனக்கு வந்த பதிலையும் உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். முழுக் கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. மூன்று நாட்கள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு ஒரு தம்பி அந்தப் பதிலைப் படம் எடுத்து எனக்கே அனுப்பி, "அண்ணா, இதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்று கேட்டார். அதனால் எழுதுகிறேன்.

அதிவேகச் சொகுசு செடான்களை, அதாவது பின்னால் தனி டிக்கி உள்ள நான்கு கதவுக் கார்களை, நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எத்தனை வினாடியில் தொடுகின்றன என்ற ஒரே எண்ணை வைத்து அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தார்கள். டெஸ்லா மாடல் எஸ் பிளெய்ட் உச்சியில் இருந்தது. பி.எம்.டபிள்யூவின் புதிய எம்5 அடியில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், 2 கோடி கொடுத்துத் தோற்க விரும்புகிறவர்களுக்கான வண்டி என்று ஒரு வரி. நான் எழுதியது இவ்வளவுதான்: ஒரு செடானை இந்த ஒரு எண்ணால் எடை போட முடியாது, அது எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு கெட்ட சாலையில் எப்படிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதில் யாரையும் புண்படுத்தும் சொல் ஏதாவது இருக்கிறதா என்று பலமுறை திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். பிளெய்டுக்குச் சொல்லப்படும் 1.99 வினாடி, 0-விலிருந்து மணிக்கு 60 மைல் வரைக்கானது. அதாவது சுமார் 97 கிலோமீட்டர். அதோடு அமெரிக்க டிராக் பந்தய வழக்கப்படி, வண்டி முதல் ஒரு அடியைக் கடந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த ஒரு அடிக்கு 0.2 அல்லது 0.3 வினாடி போய்விடும். எம்5-க்குச் சொல்லப்படும் 3.5 வினாடி, நின்ற நிலையிலிருந்து 100 வரைக்கானது. இரு வேறு அளவுகோல்களால் அளந்த துணிகளை ஒரே கயிற்றில் தொங்கவிட்டு எது நீளம் என்று கேட்பது நியாயமா? இதைத் திருத்திக் கணக்குப் போட்டாலும் பிளெய்ட்தான் முந்தும், ஐயமே இல்லை. 1020 குதிரைத்திறனும் மூன்று மோட்டார்களும் இருக்கும் வண்டி முந்தத்தான் செய்யும். முந்துவதை நான் மறுக்கவில்லை. அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்பதைத்தான் மறுக்கிறேன்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையைப் பற்றி நீங்கள் எல்லோரும் பேசுகிறீர்கள். 2016-இல் ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ அந்த 20.6 கிலோமீட்டர் சுற்றை 7 நிமிடம் 32 வினாடியில் முடித்தது. அதன் வி6 எஞ்சின் 510 குதிரைத்திறன். 2021-இல் பிளெய்ட் அதே தூரத்தை 7 நிமிடம் 30.909 வினாடியில் முடித்தது. திறன் இரண்டு மடங்கு. வித்தியாசம் ஒரு வினாடி சொச்சம். நேர்க்கோட்டில் அந்த ஆல்ஃபாவைப் புள்ளியாக ஆக்கிவிட்டுப் போகக்கூடிய வண்டியால், வளைவும் இறக்கமும் பிரேக் பிடிக்கும் இடங்களும் நிறைந்த பாதையில் அவ்வளவுதான் முந்த முடிந்தது. இரண்டையும் ஓட்டியவர்கள் வேறு, நாளும் வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு மடங்கு திறன் எங்கே போனது என்று கேட்கத்தானே வேண்டும்? ஒரு பங்கு எடைக்குப் போனது. எந்த இடத்திலும் எனக்குக் கிடைக்கும் பதில் இதுதான்.

2023-இல் பிளெய்ட் அதே பாதையில் நேரத்தை நன்றாகக் குறைத்துவிட்டதே என்று உடனே ஒருவர் வருவார். ஆம், மேலே சொன்ன 20.6-ஐ விட்டு, சுற்றை முழுதாக அளக்கும் 20.8 கிலோமீட்டர் கணக்கில் பத்து வினாடிக்கு மேல் குறைத்தது. எதை மாற்றிக் குறைத்தது? உச்ச வேக வரம்பை உயர்த்தினார்கள். அதோடு கார்பன் செராமிக் பிரேக்குகளையும் பந்தயத்துக்கு ஏற்ற டயர்களையும் பூட்டினார்கள். பிரேக்கும் டயரும்! நான் ஞாயிற்றுக்கிழமை சொன்ன இரண்டு சொற்கள் அவை. ஷியோமியின் எஸ்.யு.7 அல்ட்ரா மின்கார் 1548 குதிரைத்திறனுடன் 2025-இல் 7 நிமிடம் 4.957 வினாடியில் சுற்றியதே என்பார்கள். சுற்றியது, பாராட்டுகிறேன். அதுவும் சுற்றில் அளந்த நேரம்தான். 0-விலிருந்து 100 என்ற எண்ணைக் கொண்டு யாரும் அதை அங்கே அளக்கவில்லை.

இப்போது எம்5-க்கு வருகிறேன். நான் அந்த வண்டிக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் நினைத்துக்கொண்டார்கள். 2024-இல் வந்த இந்த எம்5-இல் 4.4 லிட்டர் வி8 எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன். இதற்கு முந்தைய எம்5 காம்பெடிஷனில் 625. நூறு குதிரை கூடியும் 100 கிலோமீட்டரைத் தொட 0.2 வினாடி அதிகமாகிறது, அது 3.3, இது 3.5. காரணம் எடை. புதியதன் எடை 2435 கிலோ, பழையதைவிட 500 கிலோவுக்கும் மேல் கூடுதல். இதைக் குறை என்று நானும் சொல்கிறேன். ஆனால் அந்தக் குறையை 0.2 வினாடியில் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் 0.2 வினாடி என்பது ஐந்தரை மீட்டர். கிட்டத்தட்ட ஒரு வண்டியின் நீளம். அந்த 500 கிலோ பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் நுழையும்போதும், குழியில் இறங்கும்போதும் என்ன செய்கிறது என்பதல்லவா கேள்வி? அதைச் சமாளிக்கத்தான் பின் சக்கரங்களையும் 1.5 பாகை வரை திருப்பும் அமைப்பை அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். பட்டியலில் அதற்கு ஓர் இடம் உண்டா? இல்லை.

மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. சி63 கதையும் அதுதான். முன்பு 510 குதிரைத்திறன் கொண்ட வி8 எஞ்சின் இருந்த இடத்தில் இப்போது 2 லிட்டர் நான்கு சிலிண்டரும் மின்மோட்டாரும் சேர்ந்து 680 தருகின்றன. 100-ஐத் தொட 3.4 வினாடி. எடை 2100 கிலோவுக்கு மேல். பட்டியல்படி பார்த்தால் இது முன்னேற்றம்.

எனக்கு இந்த எடையின் மீது ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். 2019-இல் நடந்ததைச் சொல்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவர், அப்பா வயதுடையவர், இறக்குமதி செய்த அதிவேக செடான் ஒன்றை வைத்திருந்தார். எந்த நிறுவனத்தின் வண்டி என்பது இங்கே தேவையில்லை. 4 வினாடிக்குள் 100-ஐத் தொடும் வண்டி, 2 டன்னுக்கு மேல் எடை. ஓட்டுநர் வராததால் அவர் என்னை அழைத்தார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் அவரும் அவர் மனைவியும், முன்னால் அவர்களுடைய மகன், பெட்டிகள் வேறு. பாதி மலை இறங்கியிருப்போம். பிரேக் மிதி என் காலுக்குக் கீழே மெத்தையைப் போல இறங்கியது. கருகிய வாடை உள்ளே வந்தது. கியரை நானே குறைத்து, எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து, ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். நாற்பது நிமிடம் அங்கேயே நின்றோம். அந்த அம்மா நான் நிறுத்தும் வரை முன் இருக்கையின் முதுகைப் பிடித்த பிடியை விடவில்லை, ஒரு சொல்லும் பேசவில்லை. இறங்கியதும், "தம்பி, தண்ணீர் குடிக்கிறீர்களா" என்று என்னைத்தான் கேட்டார். என் கை நடுங்கியதை அவர் பார்த்திருக்கிறார்.

பிரேக் எண்ணெயைப் பல ஆண்டுகளாக மாற்றாமல் விட்டிருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆகவே பராமரிப்பின் குற்றத்தை வண்டியின் மீது போடுகிறாயே என்று நீங்கள் கேட்பது பாதி நியாயம். மீதிப் பாதி என்னவென்றால், 2 டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி பழைய எண்ணெயைக் கொஞ்சமும் மன்னிக்காது. வேகம் 100-இலிருந்து 120 ஆனால் பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் 44 விழுக்காடு கூடுகிறது. எடை கூடினால் அதே விகிதத்தில் அதுவும் கூடுகிறது. பிரேக்கால் நிறுத்தும்போது அந்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாக, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கிலும் அதை அழுத்திப் பிடிக்கும் பேடிலும் இறங்கியாக வேண்டும். வண்டி 100-ஐத் தொட்ட கணத்தில் பட்டியல் போடுகிறவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகுதான் சாலை வருகிறது.

விலைக்கு வருவோம், ஏனென்றால் அந்த 2 கோடி வரிதான் பலருக்கும் பிடித்திருந்தது. 2024 நவம்பரில் எம்5 இந்தியாவில் 1.99 கோடி ஷோரூம் விலைக்கு வந்தது. அதே மாதம் சி63 வந்தது, 1.95 கோடி. இரண்டும் முழுதாக இறக்குமதி ஆகும் வண்டிகள். விலையில் பெரும் பங்கு சுங்க வரியும் உள்நாட்டு வரியும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 விழுக்காடு. ஷோரூம் விலைக்குக் கணக்கிட்டால் எம்5-க்கு அதுவே 40 லட்சத்தை நெருங்கும். இந்தப் பணத்தை 3.5 என்ற எண்ணால் வகுத்து, தோற்கிறார்கள் என்று எழுதுவதா?

சென்னைக்கு அருகே சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலுள்ள பி.எம்.டபிள்யூ ஆலையில் பூட்டப்பட்டு வரும் எம்340ஐ (M340i) என்ற செடான், 2021-இல் 62.90 லட்சத்துக்கு வந்தது. பிறகு விலை ஏறியிருக்கிறது. 3 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், 4.4 வினாடி. எம்5-ஐவிட சுமார் 700 கிலோ குறைவு. பட்டியலில் அதைச் சேர்க்கவே இல்லை. வேலை முடிந்ததும் சோதித்துப் பார்க்க இந்த வண்டியைப் பல முறை அவிநாசி சாலையில் ஓட்டியிருக்கிறேன். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்தில் மூக்கு திரும்புகிறது, பிரேக்கில் கால் வைத்தால் மிதி உறுதியாக நிற்கிறது. நம் சாலையில் நான்கு பேர் போவதற்கு அந்த 0.9 வினாடியும் அதற்கான கோடியும் வேண்டுமா என்று எனக்கு உண்மையாகவே தோன்றியிருக்கிறது. எம்5 வாங்குகிறவர் அதன் வி8-க்காகவும் பின் இருக்கையின் இடத்துக்காகவும் வாங்குகிறார் என்றால் அதை மதிக்கிறேன். இ39 என்று அழைக்கப்படும் பழைய தலைமுறை எம்5-ஐ நினைத்துப் பாருங்கள். 400 குதிரைத்திறன், ஆறு கியர் கைமாற்றி, சுமார் 1.8 டன், 5.3 வினாடி. இன்றைய பட்டியலில் அதற்கு இடமே கிடைக்காது. ஆனால் செடான்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இன்றும் அதன் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்.

இனி அந்தப் பதில். "இது சொந்தமாக வண்டி வைத்திருப்பவர்கள் பேசும் இடம், அலைன்மென்ட் போடுகிறவர் வகுப்பெடுக்கும் இடமல்ல." அதற்கு விழுந்த விருப்பக்குறிகளில் எனக்குத் தெரிந்த பெயர்களும் இருந்தன. என் எண்களில் தவறு இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வேலையைப் பற்றிப் பேசினார்கள்.

பதினேழு ஆண்டுகளாக இந்த வண்டிகளின் கீழே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையின் ரப்பர், அதாவது லோயர் ஆர்ம் புஷ், கிழிந்திருப்பதையும், உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரியும் டயரையும், குழியில் இறங்கி வளைந்த ரிம்மையும் முதலில் பார்க்கிறவன் நான். எம்5-இன் சக்கரங்கள் முன்னால் 20 அங்குலம், பின்னால் 21 அங்குலம். பின் டயரின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் 35 விழுக்காடுதான். நம் சாலையில் அதற்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள அதைச் சொந்தமாக வாங்கியிருக்க வேண்டுமா? பொறாமை என்று ஒருவர் எழுதினார். பொறாமை இருந்தால் பதினேழு ஆண்டுகள் அடுத்தவர் வண்டியின் டோ கோணத்தை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை, பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பார்த்துத் திருத்திக்கொண்டிருக்க என்னால் முடிந்திருக்காது. ஒரு சக்கரம் நேராக நிற்கவில்லை என்றால் எனக்கு இரவில் தூக்கம் வராது. அது என் வண்டியாக இருக்க வேண்டிய அவசியம் இதுவரை ஏற்பட்டதில்லை.

பட்டியல் போட்டவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 100-இலிருந்து 0 வரை எத்தனை மீட்டர் என்று இன்னொரு நெடுவரிசையைச் சேருங்கள். ஒரு முறை பிடித்த பிரேக்குக்கும் பத்தாவது முறை பிடித்த பிரேக்குக்கும் தனித்தனியாக எழுதுங்கள். எடையையும் எழுதுங்கள். பிறகு எந்த வண்டியை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், நான் வாதாட வரமாட்டேன்.

அந்தப் பதிலை எழுதியவருக்குத் தனியாக ஒன்றும் சொல்வதற்கில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய வண்டி அலைன்மென்ட்டுக்குப் பதிவாகியிருக்கிறது. முன் இடது சக்கரம் இழுக்கிறது என்று சொல்லியிருக்கிறார். நான்தான் பார்ப்பேன்.