பாட்டியைப் பாலத்தில் ஏற்றிவிட்டார்கள்

எப்படி மனசு வந்தது அந்த எழுத்தாளருக்கு? சின்ன வயதில் நான் உருகிப் படித்த நாவலுக்கு இப்போது வந்திருக்கும் இரண்டாம் பாகம், 112ஆம் பக்கம். பாட்டி மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்து போகிறாள். பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு! நாகர்கோவிலில் பஸ் ஏறுவதற்கு முன்பே பாதி படித்திருந்தேன். தக்கலை தாண்டும்போது இந்தப் பக்கம் வந்தது. புத்தகத்தை மூடி மடியில் வைத்துவிட்டேன். மார்த்தாண்டம் வரைக்கும் அதைத் திறக்கவே இல்லை.

முதல் பாகம் படித்தவர்களைக் கேட்கிறேன். அந்தப் பாட்டி பாலத்தில் கால் வைப்பாளா? பாலம் கட்டும்போது சாரத்திலிருந்து விழுந்து செத்தவர் அவள் புருஷன். 1966இல் வேலை முடிந்து, ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அதற்கப்புறம் அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் பரளியாற்றில் இறங்கி, முழங்கால் நனைய நடந்து, ஏறித்தான் போவாள். பேரன் ஆற்றின் நடுவில் நின்று 115 அடி உயரத்தை அண்ணாந்து பார்த்துத் தூண்களை எண்ணுவான். 28 என்று முடிக்கும்வரை அவள் குனிந்த தலை நிமிராது. ஏழாம் வகுப்பில், பள்ளிக்கூட நூலகத்தின் அட்டை கிழிந்த பிரதியில், அந்த இடத்தைப் படித்துவிட்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தவள் நான்.

அவள் மனசு மாறியதாக ஒரு வரி எழுதியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்பேன். வயதாகிவிட்டது, கோபம் ஆறிவிட்டது, சாவதற்கு முன் ஒரு தடவை அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறாள், எதையாவது சொல்லியிருக்கலாம். அதைவிடப் பெரிய கதை வேறு என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை. எழுதியவருக்குத் தான் முன்பு எழுதியது மறந்துபோய்விட்டது, அவ்வளவுதான். 24 வருடம் ஆசையாகக் காத்திருந்த எனக்கு ஒரு வரிகூட மறக்கவில்லையே!

பாலத்தில் நின்று அவள் பேரனை எப்படிக் கூப்பிடுகிறாள் தெரியுமா? ‘கண்ணா’ என்று. முதல் பாகம் முழுக்க ‘மக்களே’ என்றுதான் கூப்பிடுவாள். ஒற்றைப் பிள்ளையை ‘மக்களே’ என்று பன்மையில் அழைக்கும் பாசம் எங்கள் பக்கத்துப் பேச்சில் ஊறிய ஒன்று. ஒரு புத்தகத்தில் அந்தச் சொல்லை முதன்முதலாகப் பார்த்தபோது, என் பாட்டியும் அச்சில் ஏறிவிட்டாள் என்று வீடு வீடாகக் காட்டினேன். இப்போது அந்தச் சொல்லே இல்லை. மரச்சீனிக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கு ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று யாரோ திருத்தியிருக்க வேண்டும். அந்த முதல் பாகத்தை வெளியூர்க்காரர்களும்தானே படித்து அழுதார்கள்?

அப்புறம் அந்த அப்பா. நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு விடியும் முன்னே பால்வெட்டுக்குப் போகும் மனிதர். வெயில் ஏற ஏற ரப்பர் மரத்தில் பால் ஒழுகுவது குறைந்துவிடும், அதனால்தான் அந்த இருட்டில் ஓட்டம். மகன் தூக்கத்தில் கேட்கும் செருப்புச் சத்தம்தான் முதல் பாகத்தின் முதல் வரி. இதில் அவர் மத்தியானச் சாப்பாடு முடித்து, வெற்றிலை போட்டுவிட்டு, கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். குலசேகரம் பக்கம் எந்தத் தோட்டத்திலாவது ஒரு ஆளிடம் கேட்டிருந்தால் போதுமே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் பாகம் இன்று எங்கேயும் கிடைப்பதில்லை. மறுபதிப்பு போடவில்லை. பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன், பழைய புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இரண்டாம் பாகத்துக்கு மட்டும் வழவழ அட்டை, 480 ரூபாய். என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு. அவள் கையில் இதையா கொடுப்பேன்?

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, நினைவிலிருந்தே முதல் பாகத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆற்றில் நின்று தூண் எண்ணும் இடம் வந்ததும், “தாத்தா விழுந்தது எத்தனையாவது தூண்ல அம்மா?” என்று கேட்டாள். முதல் பாகத்தில் பேரனும் அதைத்தான் கேட்பான்.